நல்ல மார்க் வாங்கும் பிள்ளைக்கு எந்தெந்தக் கல்லூரி? கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் பிளஸ் டூ வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது உட்கார்ந்தபடி இருப்பார்கள். மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, எல்லை தாண்டி பாகூர், லாஸ்பேட்டையிலிருந்தும் வருவார்கள், கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு வழி சொல்ல ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் மட்டும் "உனக்கென்னம்மா, எங்க வேணாலும் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த "எங்க" எது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

பொண்ணு 600-க்கு 588 எடுத்திருக்கா டீச்சர். இனிமே எந்தெந்த காலேஜுக்குப் போடலாம்?

முதலில் அவளுக்கு என் வாழ்த்து. ஆனால் அந்த "இனிமே"தான் எனக்குக் கவலை. ரிசல்ட் வருவது மே மாதத்தில். அதற்குள் பல கதவுகள் மூடியிருக்கும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு முந்தைய டிசம்பரிலேயே முடிந்திருக்கும். ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடந்திருக்கும். மருத்துவத்துக்கான நீட் மே தொடக்கத்தில் வரும், அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்கான க்யூட் தேர்வும் இப்படித்தான்.

ரிசல்ட்டுக்குப் பிறகும் திறந்திருப்பவை தமிழ்நாட்டின் பொறியியல் கவுன்சிலிங், புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக், வேளாண்மை, கால்நடை மருத்துவம், அப்புறம் கலை அறிவியல் கல்லூரிகள். இவையும் நல்ல வழிகள்தான், குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் பிளஸ் ஒன் முழுப்பரீட்சை லீவிலேயே ஒரு நோட்டில் பட்டியலைத் தொடங்கியிருந்தால் இவற்றோடு இன்னும் பத்து வழிகள் இருந்திருக்கும். தங்கை தம்பி இருந்தால் அவர்களுக்காவது இன்றே தொடங்குங்கள்.

588-னா கட்-ஆஃப் 196 வருமா?

அப்படிக் கணக்கிட முடியாது. மொத்த மார்க்கை மூன்றால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் எப்படி வந்ததோ தெரியவில்லை. பொறியியலுக்குக் கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்குப் பாதி, மொத்தம் 200. கணக்கு 98, இயற்பியல் 94, வேதியியல் 96 என்றால் 98 + 47 + 48 = 193. தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்தது இந்தக் கணக்கில் நேராக வராது. அதனால் 588 எடுத்த இரண்டு பிள்ளைகளின் கட்-ஆஃப் வேறு வேறாக இருக்கலாம்.

ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணக்கு மார்க், அடுத்து இயற்பியல் என்று வரிசையாக ஒப்பிடுவார்கள். பிறந்த தேதி வரை போயும் பிரியவில்லை என்றால்தான் ரேண்டம் எண்.

போன வருஷம் 195-க்குக் கிடைச்ச காலேஜ் இந்த வருஷமும் 195-க்குக் கிடைக்கும்ல?

உறுதியில்லை. கணக்குத் தாள் எளிதாக வந்த ஆண்டில் செண்டம் குவியும், 195-க்கு மேலேயே பெருங்கூட்டம் நிற்கும். கடினமாக வந்த ஆண்டில் அதே 195 எங்கோ முன்னால் இருக்கும். மார்க்கை மார்க்கோடு ஒப்பிடாதீர்கள், ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். தரவரிசைப் பட்டியலில் பொது ரேங்க், இனவாரி ரேங்க் இரண்டும் வரும். முந்தைய ஆண்டு அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று பாருங்கள். ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போக்கு தெரியும்.

என் பையன் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்தான் வேணும், வேற எதுவும் போட மாட்டேங்கிறான். எத்தனை காலேஜ் போடணும்?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன், கட்-ஆஃப் 197-க்கு மேல். விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் நான்கே நான்கு வரிகள் போட்டான், நான்கும் ஒரே கல்லூரி. அந்த ரவுண்டில் அவனுக்கு எதுவும் வரவில்லை. அடுத்த ரவுண்டுக்குப் போனபோது, அவனைவிடக் குறைந்த மார்க் எடுத்த வகுப்புத் தோழர்கள் நல்ல இடங்களை எடுத்து முடித்திருந்தார்கள். அன்று மாலை அவனும் அவன் அப்பாவும் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மார்க் குறைந்ததால் வந்த இழப்பில்லை அது, பட்டியல் குட்டையாக இருந்ததால் வந்தது.

நான் பிள்ளைகளை நோட்டில் இரண்டு கோடு கிழித்து மூன்று பகுதியாக்கச் சொல்வேன். மேலே ஆசைப்படும் இடங்கள், ரேங்க் கொஞ்சம் எட்டாமல் இருந்தாலும் பரவாயில்லை. நடுவே உங்கள் ரேங்க்குக்குச் சரியாக வருபவை, இதுதான் நீளமாக இருக்க வேண்டும். கீழே கண்டிப்பாகக் கிடைப்பவை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கோட்டைவிடுவது இந்தக் கீழ்ப்பகுதியில்தான். ஒன்று அதைக் காலியாக விடுவார்கள், அல்லது ஏனோதானோ என்று எதையாவது நிரப்புவார்கள். கடைசி வரியில் எழுதும் கல்லூரியைத் தொட்டுக் காட்டி, "இதுதான் கிடைத்தது என்றால் சிரித்த முகத்தோடு போவாயா?" என்று நான் கேட்பேன். தலை அசையவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு தேட வேண்டும். மேலே கிண்டி எழுத யாருடைய உதவியும் வேண்டாம், இந்தக் கடைசி வரிக்குத்தான் நிறைய விசாரிக்க வேண்டும்.

எண்ணிக்கை கேட்டால், பொறியியல் கவுன்சிலிங்கில் 40, 50 வரிகள்கூடப் போடலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டிய நுழைவுத் தேர்வுகள் என்றால் நான்கைந்துக்கு மேல் போனால் படிக்கவே நேரம் இருக்காது.

மேல எட்டாத காலேஜைப் போட்டா கீழ இருக்கிறது கைவிட்டுப் போயிடுமா?

போகாது. உங்கள் முறை வரும்போது கணினி முதல் வரியில் தொடங்கிக் கீழே இறங்கும், இடம் இருக்கும் முதல் வரியில் நிற்கும். மேலே கிடைக்காததற்காகக் கீழே யாரும் தண்டிப்பதில்லை. "கிடைக்கிறதை முதல்ல போடு" என்று பிரவுசிங் சென்டரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் போட்டது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் எதையும் கணினி பார்க்காது. உண்மையான விருப்பம் எதுவோ அந்த வரிசையில் போடுங்கள்.

பெரிய காலேஜ்ல ஏதோ ஒரு கோர்ஸா, சுமாரான காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது, என் சாய்வை மட்டும் சொல்கிறேன். பிள்ளைக்கு இதுதான் வேண்டும் என்ற தெளிவு இன்னும் வரவில்லை என்றால் கல்லூரியைப் பாருங்கள். கூடப் படிப்பவர்களும் நூலகமும் ஆய்வுக்கூடமும் நான்கு ஆண்டுகள் ஒரு பிள்ளையை எவ்வளவு மாற்றும் என்பதைக் குரோம்பேட்டை எம்ஐடிக்கும் கிண்டிக்கும் போய்விட்டு லீவில் வந்து நிற்கும் பிள்ளைகளிடம் பார்க்கிறேன். நிரல் எழுதுவதில் ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கும் பிள்ளை என்றால் பிரிவை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் "சுமாரான" என்பது எவ்வளவு சுமார் என்று நேரில் போய்ப் பாருங்கள். வேலை நாளில் போங்கள், கல்லூரியே ஏற்பாடு செய்யும் திறந்த நாளில் வேண்டாம். கேன்டீனில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "ஆய்வுக்கூடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? யார் பாடம் எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாம் ஆண்டுத் தாள்களின் பெயரைப் படிக்கும்போதே முகம் சுருங்கினால் அது ஒரு செய்தி. தேசியத் தரவரிசையையும் காட்டுகிறார்கள், பார்க்கலாம். ஆனால் அது கல்லூரி முழுவதற்கும் போட்ட எண், உங்கள் பிள்ளை படிக்கப்போகும் துறைக்குப் போட்டது அல்ல.

ஐஐடி, என்ஐடி, டாக்டர். இதைத் தாண்டி படிக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கு?

இந்தக் கேள்வி வரும்போதுதான் எனக்கு உற்சாகமே. என் வகுப்பில் ஒரு பையன் தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போட மாட்டான். பின்பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் கணக்குப் போடுவான், ஒரே கணக்கை மூன்று வழிகளில். அவன் அப்பா என்னிடம் கேட்டது, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்பது மட்டும். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன். கணக்கும் கணினி அறிவியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பு அங்கே இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் பி.மேத் படிப்பு, அதற்கும் தனித் தேர்வு. வீட்டில் யாருமே இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அறிவியலில் ஆசை இருந்தால் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் உண்டு, நமக்கு அருகில் இருப்பது திருப்பதி. அதற்கு ஐஏடி என்று தனித் தேர்வு, ஜேஇஇ எழுதியது மட்டும் போதாது. புவனேஸ்வரத்தில் அதே போன்ற நைசர் இருக்கிறது, தேர்வின் பெயர் நெஸ்ட். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு உண்டு. வாரியத் தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அறிவியல் படித்தால் சோறு கிடைக்காது என்று சொல்பவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். சட்டத்தில் ஆர்வம் என்றால் திருச்சியிலேயே தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தையும் நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள், பக்கத்தில் இருப்பதாலேயே.

வீடு கடலூர், பையன் படிக்கிறது பாண்டிச்சேரி ஸ்கூல்ல. எந்த ஊர் கோட்டா வரும்?

எல்லையோரக் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு கவுன்சிலிங்கும் "சொந்த மாநிலம்" என்பதை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்த மாநிலத்தவருக்கு. ஆனால் அங்கே மாநிலம் என்பது வீடு இருக்கும் மாநிலம் அல்ல, பிளஸ் டூ தேர்வை எங்கே எழுதித் தேறினார்களோ அந்த மாநிலம். ஆகவே கடலூர்ப் பையன் புதுச்சேரிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தால் திருச்சி என்ஐடியில் அவன் வெளிமாநிலத்தவன், காரைக்கால் திருவேட்டக்குடியில் உள்ள புதுச்சேரி என்ஐடியில்தான் உள்மாநிலத்தவன். நேர்மாறாக, பாகூரில் வீட்டை வைத்துக்கொண்டு கடலூரில் படிக்கும் பெண்ணுக்குத் திருச்சி சொந்த மாநில வரிசையில் வரும். பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற்றும்போதே இதை யோசிக்க வேண்டும், பிளஸ் டூ முடித்த பிறகு மாற்ற வழியில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங் இப்படிப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் அதுவே போதும். இடையில் புதுச்சேரியில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இருப்பிடச் சான்று, அதுதான் நேட்டிவிட்டி, கட்டாயம் வேண்டும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். சென்டாக்கில் புதுச்சேரி வாசி என்பதற்கு அங்கே தொடர்ந்து குடியிருந்த சான்று கேட்பார்கள், அங்கே படித்தது மட்டும் போதாது. அப்புறம், இரண்டு பக்கமும் வாசி என்று எழுதிக் கொடுக்கும் வேலையைச் செய்யாதீர்கள். கண்டுபிடித்தால் கையில் இருக்கும் இடமும் போகும்.

கோரிமேட்டுலதான் வீடு. ஜிப்மர் பக்கத்துல இருக்கும்போது வேற எதுக்கு அலையணும்?

ஜிப்மர் தனியாக நடத்திய நுழைவுத் தேர்வு 2020-லிருந்து கிடையாது. நீட் மதிப்பெண்தான், கவுன்சிலிங்கை டெல்லியில் உள்ள மருத்துவக் கவுன்சிலிங் கமிட்டி நடத்துகிறது. புதுச்சேரி வாசிகளுக்கு ஜிப்மரில் தனியாக இடங்கள் உண்டு, மற்றவற்றுக்கு நாடு முழுவதும் போட்டி. கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சென்டாக்கில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்றுக்கும் போட்டதாகிவிடும் என்று நினைத்துக் காத்திருந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாநில அரசின் 85 சதவீத இடங்களுக்கு ஒரு விண்ணப்பம், அகில இந்திய 15 சதவீதத்துக்கு இன்னொரு பதிவு. இரண்டையும் செய்யுங்கள்.

எங்க சர்டிபிகேட்ல எம்பிசின்னு இருக்கு. ஐஐடி, என்ஐடிக்கும் அதுவே போதாதா?

போதாது. மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது ஒதுக்கீடு கிடையாத வசதியான பிரிவில், வராதவர் என்ற வாசகத்தோடு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் தேதி. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கியதாக இருக்க வேண்டும்.

என் அக்கா மகனுக்கு முந்தைய ஆண்டு வாங்கிய சான்று கையில் இருந்தது. அதுதான் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். சரிபார்ப்பில் திருப்பி அனுப்பினார்கள், பதில் சொல்ல இருந்தது மிகக் குறைந்த நேரம். அலுவலகத்துக்கும் மையத்துக்கும் அவன் அப்பா ஓடிய ஓட்டத்தில் சான்று கைக்கு வந்தபோது கெடு முடிய சில மணி நேரம்தான் பாக்கி. அதற்குப் பிறகு ஏப்ரல் முதல் வாரத்தில் பிள்ளைகள் எல்லோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பெரிய இடம்னா பெரிய செலவாச்சே. எங்களால முடியுமா?

பல நேரம் கணக்கு தலைகீழாக இருக்கும். ஐஐடி, என்ஐடிகளில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணம் முழுவதும் இல்லை, 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு கழிவு. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு முழு விலக்கு. ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றையும் வாங்கி வையுங்கள், கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

கடன் வாங்க வேண்டியிருந்தால் 2024-ல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தை வங்கியில் கேளுங்கள். தரவரிசையில் மேலே உள்ள நிறுவனங்களில் சேர்ந்தால் அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும், வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. செலவுக்குப் பயந்து நல்ல இடத்தை அடித்துவிட்டு, அதைவிட அதிகம் வாங்கும் தனியார் கல்லூரியில் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிப்பதற்கு முன் நான்கு ஆண்டுச் செலவை இரண்டுக்கும் எழுதிப் பாருங்கள், ஹாஸ்டலும் பஸ் கட்டணமும் சேர்த்து.

தனியார் காலேஜ்ல இப்பவே பணம் கட்டி சீட் பிடிச்சு வெச்சுக்கலாமா?

பயம் புரிகிறது. ஆனால் மேலே சொன்ன கடைசி வரிக் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். உண்மையில் போகச் சம்மதமில்லாத இடத்துக்கு எதற்குப் பணம்? அப்படியே கட்டினாலும், விலகினால் எந்தத் தேதிக்குள் முழுப் பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், யுஜிசி அதற்கு விதி வைத்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விதி, பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

பொண்ணை அவ்ளோ தூரம் அனுப்ப மனசு வரலை டீச்சர்.

நானும் பெண்ணைப் பெற்றவள்தான். தூரம் வேண்டாம் என்றால் பட்டியலை அதற்கேற்பப் போடலாம். பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலை, எல்லாம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். முதல் இரண்டில் மட்டும் புதுச்சேரி வாசியா இல்லையா என்பதை முன்னமே விசாரியுங்கள்.

ஆனால் ஒரே ஒரு தடவை அவளை அழைத்துக்கொண்டு அந்தத் தூரத்துக் கல்லூரிக்குப் போய்வாருங்கள். விடுதியைப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஐஐடி, என்ஐடிகளில் 2018-லிருந்து பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் இருக்கின்றன, பல பிரிவுகளில் பொது வரிசையை விடப் பின்னால் இருக்கும் ரேங்க்குக்கும் கிடைக்கிறது. அந்த வாய்ப்பு அவள் தம்பிக்கு வராது. பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பார்க்காமலே சொல்ல வேண்டாம்.

நினைச்சது கிடைக்கலைன்னா ஒரு வருஷம் டிராப் போடலாமா?

முதலில் என்ன குறைந்தது என்று பாருங்கள். பாடம் தெரியும், நேரம் போதவில்லை என்றால் ஓராண்டு உதவலாம். இரண்டு ஆண்டுகள் ராப்பகலாகப் படித்தும் எட்டவில்லை என்றால் மூன்றாம் ஆண்டு அதே அறையில் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். ஐஐடியில் ஏதாவது ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டு, அடுத்த ஆண்டு நல்ல பிரிவுக்கு மறுபடி எழுதலாம் என்றால் அதுவும் முடியாது. நீட் என்றால் டிராப் போடும் பிள்ளைகள் நிறைய, ஆனாலும் பக்கத்தில் ஒரு கல்லூரி இடம் கையில் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

எனக்கு ஒண்ணு பிடிக்குது, அப்பாவுக்கு வேற ஒண்ணு. நான் எதைப் போடறது, மிஸ்?

இதைக் கேட்கும் பிள்ளை பெரும்பாலும் தனியாக வந்துதான் கேட்கும், அதுவும் கிளம்பும்போது வாசலில் நின்று. நீயும் அப்பாவும் ஆளுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பேசிக்கொள்ளாமல் 15 பெயர்கள் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே வரியில் காரணம். நான் இதுவரை பார்த்த தாள்களில் பாதிப் பெயர்களாவது இரண்டிலும் இருந்தன, சண்டை மேலே உள்ள இரண்டு மூன்று வரிகளைப் பற்றித்தான். அப்பாவின் காரணம் பணம் என்றால் அதற்கு மேலே பதில் எழுதியிருக்கிறேன். பயம் என்றால் நேரில் போய்ப் பார்க்கலாம். "ஊர்ல என்ன சொல்வாங்க" என்றால் அதை நானே அவரிடம் பேசுகிறேன். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டி வா. ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.